முதல் புத்தகத்திலேயே நின்றுபோனவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாஸன் புக் ஆஃப் தி ஃபாலன்’ பத்து நாவல்கள் கொண்ட ஃபேன்டசி வரிசை. முதல் நாவலான ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ 1999-இல் வந்தது. பத்தாவது 2011-இல் வந்து வரிசை முடிந்தது. முதல் நாவலைப் பற்றி எழுதியவர்களின் கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் இரண்டே கட்டுதான். ‘இதற்கு இணை இல்லை’ என்பவர்கள் ஒரு பக்கம், ‘நூறு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன்’ என்பவர்கள் மறுபக்கம். நடுவில் நிற்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கதையின் முற்பகுதியைத் தொடாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. நாவலின் முடிவைப் பேசுகிற பதிலுக்கு மட்டும் முன்னறிவிப்பு கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். குறை என்னிடமா, புத்தகத்திடமா? – வாசகர், திருச்சி

பெரும்பகுதி புத்தகத்திடம்தான். அந்த இடத்தில் பலர் நிற்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

முகப்புப் பகுதி, கதை உலகின் ஆண்டுக்கணக்குப்படி, ‘பர்ன் உறக்கத்தின் 1154-ஆம் ஆண்டில்’ நடக்கிறது. மலாஸ் நகரத்துக் கோட்டைச் சுவரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கனோஸ் பாரன் நின்று, கீழே ஒரு குடியிருப்பு எரிவதைப் பார்க்கிறான். முதல் அத்தியாயம் 1161. இரண்டாம் அத்தியாயம் 1163. ஐம்பது அறுபது பக்கத்துக்குள் ஒன்பது ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. மலாஸன் பேரரசில் பேரரசரின் ஆட்சி போய்ப் பேரரசியின் ஆட்சி வந்துவிடுகிறது. இத்தனையும் அத்தியாயத் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் மூன்று நான்கு வரியாக இருக்கிறது. அந்த வரிகளை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியவருக்கு அடுத்த பக்கத்திலிருந்தே தரை நழுவும்.

இரண்டாம் அத்தியாயம் இன்னொரு வேலையும் செய்கிறது. பேல் நகர முற்றுகை முடிந்து, பிணங்களுக்கு நடுவே டாட்டர்செயில் என்ற மந்திரக்காரி நிற்பதில் தொடங்குகிறது. அங்கிருந்து சில மணி நேரம் பின்னால் போய், போர் எப்படி நடந்தது என்று காட்டிவிட்டு, மறுபடி அதே குன்றுக்குத் திரும்புகிறது. இதற்கிடையில் பெரிய மந்திரவாதிகள் சிலர் அறிமுகமாகி, அறிமுகமான சூட்டிலேயே செத்துப்போகிறார்கள். யாருக்காக வருந்துவது என்று தெரிவதற்குள் வருந்த வேண்டிய இடம் போய்விடுகிறது. இது வாசகரின் கவனக் குறைவு அல்ல, கட்டுமானத்தில் உள்ள இடறல்.

நான்காம் முறை முயல்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் உள்ள ஆண்டையும் இடத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுப் படியுங்கள். இரண்டாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்து, மறுநாள் அதையே இன்னொரு முறை படியுங்கள். முதல் தடவை யார் யார் உயிரோடு மிஞ்சினார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். போர் எப்படி நடந்தது, யார் யாரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்பதெல்லாம் இரண்டாம் தடவையில் தானாகத் தெரியவரும்.

கேள்வி: எதையும் விளக்காமல் போவதுதான் இந்த நாவலின் அழகு என்கிறான் என் நண்பன். எழுதத் தெரியாததற்கு அழகு என்று பெயரா? – வாசகி, கோயம்புத்தூர்

எழுதத் தெரியாததால் வந்தது அல்ல, தெரிந்தே செய்தது. ஆனால் தெரிந்து செய்ததெல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

இந்த உலகத்தை எரிக்சனும் அவர் நண்பர் இயன் எஸ்ஸல்மாண்டும் 1982-இலிருந்து சேர்ந்து உருவாக்கினார்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று விளையாடும் ரோல்-ப்ளேயிங் கேமுக்காக உருவான உலகம் இது. இருவருமே தொல்லியல் படித்தவர்கள். எரிக்சன் மானிடவியலும் படித்தவர். குழிக்குள் கிடைத்த ஓட்டுச் சில்லை வைத்து ஒரு குடியிருப்பையே ஊகிக்கிற பழக்கம் கதை சொல்லும் முறையிலும் வந்திருக்கிறது. நாவல் நமக்குச் சில்லுகளைத்தான் தரும். பானையை நாம்தான் ஒட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். முதல் அத்தியாயத்தில் இட்கோ கான் கடலோரச் சாலை. குதிரைப்படை ஒன்று புழுதி கிளப்பிப் போகிறது. ஒரு மீனவப் பெண் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கும் கிழவி அவளைப் பிடித்துக்கொண்டு குறி சொல்கிறாள். பிறகு முக்காடிட்ட இருவர் வருகிறார்கள். சிறிது பக்கங்கள் தள்ளி அதே சாலையில் படை முழுதும் கிழித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. இளம் அதிகாரியாகிவிட்ட பாரன் அதை விசாரிக்க வருகிறான். ஒரு மீனவனின் மகளைக் காணவில்லை என்பது விசாரணையில் தெரிகிறது. அடுத்த அத்தியாயம் வேறு கண்டம். அங்கே ஒரு படைப்பிரிவில் ‘சாரி’ என்றொரு இளம்பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பழம்பெரும் வீரர்களே அவள் பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறார்கள். ‘அந்த மீனவப் பெண்தான் இவள்’ என்று நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்து யாரும் சொல்வதில்லை. துண்டுகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் உடம்பு சிலிர்க்கும். உங்கள் நண்பர் அழகு என்று சொல்வது அந்தச் சிலிர்ப்பைத்தான்.

முன்கதைச் சுருக்கத்தோடு தொடர்கதை படித்துப் பழகியவர்கள் நாம். பாரதக் கதையே தெரியாத ஒருவர் நடுராத்திரியில் கூத்து பார்க்க உட்கார்ந்தால் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் இங்கே முதல் நூற்றைம்பது பக்கமும் விழிக்க வேண்டும். அந்த நிலை பிடிக்காதவர்களுக்கு ரசனை போதவில்லை என்று சொல்வது அநியாயம். கதையிலிருந்து அவர்கள் எதிர்பார்ப்பது வேறு, அவ்வளவுதான்.

கேள்வி: பெயர்கள் மண்டையில் நிற்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்துக்கொண்டே படிக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

கூடவே கூடாது. ஒரு பெயரைத் தட்டினால் அவர் எத்தனையாம் புத்தகத்தில், யார் கையால் சாகிறார் என்பது முதல் வரியிலேயே வந்து நிற்கும். புத்தகத்தின் முன்னால் பாத்திரப் பட்டியலும் வரைபடமும், பின்னால் சொல்லகராதியும் இருக்கின்றன. அவை போதும். மின்னூலில் படிப்பவர்கள் அந்தப் பக்கங்களில் புக்மார்க் வைத்துக்கொள்ளுங்கள். காகிதப் புத்தகத்தில் இரண்டு விரல் செய்கிற வேலை அங்கே நடக்காது.

பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். கூட்டம் கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ்பர்னர்ஸ் படைப்பிரிவில் விஸ்கிஜாக், குயிக் பென், கலாம், ஃபிட்லர், ஹெட்ஜ், சாரி. பேரரசின் மேல்மட்டத்தில் பேரரசி லசீன், அவளுடைய நேர்க்கையான (நேரடிப் பிரதிநிதியான) லோர்ன், தலைமை மந்திரவாதி டைஷ்ரென், தளபதி டுஜெக். டாருஜிஸ்தான் நகரத்து ஃபீனிக்ஸ் விடுதியில் க்ரூப்பே, திருட்டுப் பையன் க்ரோகஸ், கூலிக்கொலையாளி ராலிக் நாம், முரில்லியோ, குடிகாரர் கோல். அதே நகரத்தில் ரசவாதி பரூக்கும் அவரைச் சேர்ந்தவர்களும். வானத்தில் மிதக்கும் மலையான மூன்ஸ் ஸ்பானில் ஆனமாண்டர் ரேக், அவருக்குத் தூது போகும் பெரிய காகம் க்ரோன். கடைசியாகத் தெய்வங்கள்: ஷேடோத்ரோன், கோட்டிலியன், அதிர்ஷ்டத்தின் இரட்டையரான ஒப்பான். யாராவது புதிதாக வந்தால் இந்த ஆறில் எந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

படைவீரர் பெயர்களில் பல, பட்டப்பெயர்கள். மலாஸன் படையில் சேருகிறவருக்கு மூத்தவர்கள் ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள். ஊரில் வைத்த பெயர் அங்கேயே போய்விடும். நம் ஊர்த் தெருக்களில் ஆளின் உண்மைப் பெயர் கல்யாணப் பத்திரிகையில்தான் தெரியவரும் அல்லவா, அதேதான். இது பிடிபட்டதும் ஃபிட்லர், ஹெட்ஜ் போன்ற பெயர்கள் விசித்திரமாகத் தோன்றாது.

கேள்வி: மந்திரத்துக்கு ஒரு விதியும் இல்லையே? – வாசகர், சேலம்

இருக்கிறது. மந்திரம் ‘வாரன்’ என்ற வேறு வெளியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வாரனுக்கும் ஓர் இயல்பு. தைர் ஒளி, மீயனாஸ் நிழலும் மாயத்தோற்றமும், டெனுல் குணப்படுத்துதல், ரூஸ் கடல். மந்திரவாதி அந்தக் கதவைத் திறந்து சக்தியை இழுக்கலாம். துணிந்தால் உள்ளே புகுந்து, நெடுந்தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்து வேறு இடத்தில் வெளிவரலாம். பெரும்பாலான மனித மந்திரவாதிகளுக்கு ஒரு வாரனே பெரிது. குயிக் பென் பலவற்றைத் திறக்கிறான் என்பதால்தான் அவன் ஆபத்தானவன். பழைய இனங்களுக்குத் தனி வாரன்கள் உண்டு: டிஸ்டே ஆண்டிகளுக்கு குரால்ட் கலேன், இமாஸ்களுக்கு டெலான், ஜகுட்களுக்கு ஓம்டோஸ் ஃபெல்லாக். டெக் ஆஃப் டிராகன்ஸ் என்பது டாரோ மாதிரி ஒரு சீட்டுக்கட்டு. எந்தத் தெய்வத்தின் கை எங்கே நீள்கிறது என்பதை அதில் பார்க்கிறார்கள்.

உங்கள் குறையில் நியாயம் இருக்கும் இடம் வேறு. யாருக்கு எவ்வளவு பலம், யார் யாரை வெல்ல முடியும் என்ற அளவுகோல் முதல் நாவலில் கிடைப்பதே இல்லை. அதனால் மோதல்களின் முடிவு ஆசிரியர் நினைத்தபடி போவதுபோல் தோன்றும்.

கேள்வி: பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள்போல இருக்கின்றன. யாருடனும் மனம் ஒட்டவில்லை. – வாசகி, புதுச்சேரி

இந்த நாவல்மீது சொல்லப்படும் குறைகளில் வலுவானது இதுதான். ‘குழப்பம்’ என்ற குறையைவிட இதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

பாரனுக்கும் டாட்டர்செயிலுக்கும் இடையே வரும் காதலைப் பாருங்கள். அவன் காயப்பட்டுக் கிடக்கிறான், அவள் அறையில் வைத்துக் கவனிக்கிறாள், சில பக்கங்களில் உயிரையே வைத்துவிடுகிறார்கள். அந்த நெருக்கம் வளர்வதை நாம் பார்ப்பதில்லை. வளர்ந்துவிட்டது என்ற செய்திதான் வருகிறது. அதற்குப் பிறகு பாரனின் கோபமெல்லாம் அந்தக் காதல்மீதுதான் நிற்கிறது. அஸ்திவாரம் ஒரு அடி, கட்டடம் மூன்று மாடி.

காரணம் எழுதப்பட்ட காலத்தில் இருக்கிறது. ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ முதலில் எரிக்சனும் எஸ்ஸல்மாண்டும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. அது விலைபோகவில்லை. 1991–92-இல் எரிக்சன் அதை நாவலாக்கினார். நாவலும் உடனே பதிப்பாளரைப் பிடிக்காமல் 1999 வரை காத்துக் கிடந்தது. திரைக்கதையின் தழும்புகள் இன்னும் தெரிகின்றன: காட்சிகள் சட்டென்று வெட்டி மாறுகின்றன, பேச்சு முன்னால் ஓடுகிறது, மனத்துக்குள் நடப்பது பின்தங்குகிறது. இரண்டாம் நாவலான ‘டெட்ஹவுஸ் கேட்ஸ்’ 2000-இல் வந்துவிட்டது. வாசகருக்கு ஓராண்டு இடைவெளி. எழுதியவருக்கோ எட்டு ஆண்டுப் பயிற்சி. முதல் புத்தகத்தின் நடைக்கும் இரண்டாவதன் நடைக்கும் இடையே உள்ள பெரிய தாவலுக்கு இதுதான் விளக்கம்.

ஆனால் எல்லோரையும் அட்டைப் பொம்மை என்று ஒதுக்க வேண்டாம். தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசிக்கொண்டு, பலகாரத்தின்மேல் கண்ணாக இருக்கும் க்ரூப்பேயும், வேண்டுமென்றே பதவி இறக்கப்பட்டும் மரியாதை இறங்காத விஸ்கிஜாக்கும் முதல் நாவலிலேயே முழு மனிதர்கள்.

கேள்வி: அப்படியென்றால் நேரே இரண்டாம் நாவலில் தொடங்கிவிடலாமே? – வாசகர், ஈரோடு

தொடங்கலாம். இரண்டாம் நாவல் செவன் சிட்டீஸ் என்ற வேறு நிலத்தில் நடக்கிறது. முதல் நாவலின் முக்கிய ஆட்களில் நால்வர்தான் அங்கே தொடர்கிறார்கள். ஆனால் மூன்றாவதான ‘மெமரீஸ் ஆஃப் ஐஸ்’ முதல் நாவலின் நிலத்துக்கே திரும்பி, விஸ்கிஜாக், குயிக் பென், பாரன், ரேக் எல்லோரையும் எடுத்துக்கொள்கிறது. முதல் நாவல் தெரியாமல் மூன்றாவதைப் படித்தால் அதன் துயரத்தில் பாதி வீணாகிவிடும். பத்தில் முதல் நாவல்தான் சிறியது, சுமார் 2 லட்சம் சொற்கள். அதைப் படிக்காமல் விடுவதில் மிச்சமாகும் நேரத்தைவிட இழப்பு அதிகம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். ஐந்தாவதான ‘மிட்நைட் டைட்ஸ்’ மறுபடி புதிய கண்டம், முற்பட்ட காலம், ஏறக்குறைய எல்லோருமே புதியவர்கள். முதல் நாவலில் பட்ட பாடு அங்கே சிறிய அளவில் திரும்ப வரும்.

கேள்வி: கடைசி நூறு பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு வீடு முளைத்து வில்லனை விழுங்குகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா? – வாசகர், தூத்துக்குடி

(நாவலை முடிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)

பாதி ஏமாற்று. லோர்ன் மலையடியில் புதைந்து கிடந்த ஜகுட் கொடுங்கோலன் ரேஸ்ட்டை எழுப்பிவிடுகிறாள். அவன் ரேக்கோடு மோதினால் ரேக் பலவீனப்படுவார் என்பது கணக்கு. நானூறு பக்கமாக நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மோதல் அது. கடைசியில் விருந்து நடக்கும் தோட்டத்தில் அஸாத் வீடு என்ற ஒன்று மண்ணைப் பிளந்து எழுந்து ரேஸ்ட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

மறுபாதி நியாயம். லோர்ன் அந்தக் கல்லறையிலிருந்து எடுத்து வந்தது ரேஸ்ட்டின் சக்தியை அடைத்து வைத்த ஃபின்னஸ்ட். அதன் வடிவம் ஓக் மரத்தின் கொட்டை. கொட்டை மண்ணில் விழுந்தால் முளைக்கும் என்பதை ஆசிரியர் நம் கண்முன்னேதான் வைத்திருந்தார். முளைப்பது மரமாக இல்லாமல் வீடாக இருக்கும் என்பதற்கு மட்டும் போதிய தயாரிப்பு செய்யவில்லை. அஸாத் வீடுகள் என்ன, ஏன் இருக்கின்றன என்பது இரண்டாம் நாவலில்தான் விரிகிறது. முதல் நாவலுக்குள்ளேயே கணக்கு முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது பிழைதான். இரண்டாம் வாசிப்பில் அதே இடம் உறுத்தாது.

கேள்வி: பெண்கள் படையில் சாதாரணமாக இருக்கிறார்கள். இதை யாரும் பேசுவதில்லையே? – வாசகி, தாம்பரம்

பேச வேண்டிய சிறப்பு. பேரரசி, அவளுடைய நேர்க்கை, படை மந்திரக்காரி, சாதாரணச் சிப்பாய் என்று எல்லா மட்டத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். ‘பெண்ணாக இருந்தும்’ என்ற சொல்லுக்கு அந்த உலகில் வேலையே இல்லை. டாட்டர்செயில் பருமனான, நடுவயதை எட்டிய பெண். அந்தக் கால ஃபேன்டசி நாவல்களில் இப்படி ஒருத்தி கதையின் மையத்தில் நிற்பது அரிது.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, நிறையப் படிப்பாள். வாங்கித் தரலாமா? – வாசகர், வேலூர்

இப்போது வேண்டாம். முதல் நாவலின் வன்முறையையாவது தாங்கலாம். இரண்டாவதில் அகதிகளுக்கு நேர்வது பெரியவர்களுக்கே கனம். உர்சுலா லெ க்வினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) வாங்கிக் கொடுங்கள். இருநூறு பக்க அளவுதான். சொல்லின் பலம் என்னவென்று அவளுக்குத் தெரியவரும்.

கேள்வி: எஸ்ஸல்மாண்ட் எழுதிய ‘நைட் ஆஃப் நைவ்ஸ்’ காலக்கணக்கில் முன்னால் வருகிறதே, அதை முதலில் படித்தால் குழப்பம் தீருமா? – வாசகர், காரைக்குடி

தீரும், கூடவே சுவையும் தீர்ந்துவிடும். மலாஸ் நகரத்தில் ஒரே இரவில் நடக்கும் கதை அது. பேரரசருக்கு என்ன ஆயிற்று என்ற புதிரை எரிக்சன் பல புத்தகங்களுக்கு நீட்டுகிறார். நீங்கள் விடையிலிருந்து தொடங்கிவிடுவீர்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நாவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதுவரை படித்துப் பார்த்துவிட்டு ‘இது எனக்கு இல்லை’ என்று முடிவெடுக்கலாம்? – வாசகி, விழுப்புரம்

நாவல் ஏழு பாகம், இருபத்துநான்கு அத்தியாயம். இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியவர்கள் அடுத்து நிற்கும் இடம் ஐந்தாவது. அங்கே டாருஜிஸ்தான் என்ற புது நகரம், புது ஆட்கள் என்று எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டாம். இரவில் கூரை ஏறும் க்ரோகஸையும் கனவில் நடந்து போகும் க்ரூப்பேயையும் பிடித்துக்கொண்டு நடந்தால் நகரம் பழகிவிடும். பத்தாம் அத்தியாயத்தோடு மூன்றாம் பாகம் முடிகிறது. அதுவரை ஒருவர்மீதும் அக்கறை பிறக்கவில்லை என்றால் மனக்குறையில்லாமல் மூடிவிடலாம்.

தயக்கத்தோடு தொடர்பவர்கள், பிரிட்ஜ்பர்னர்ஸ் நகருக்குள் வந்து சாலை தோண்டும் இடத்துக்குக் காத்திருங்கள். ஒரு நகரத்தையே தகர்க்கும் அளவு வெடிகளை முச்சந்திகளுக்கு அடியில் புதைக்க வேண்டும். இரவில் ஒளிந்து செய்தால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பட்டப்பகலில் சாலை பழுதுபார்க்கும் கூலியாட்கள்போல வந்து, கல்லைப் பெயர்த்து, குழி வெட்டி, வெடியை வைத்து, கல்லைத் திரும்பப் பதிக்கிறார்கள். வேர்வை வழியத் தெருவைத் தோண்டுகிறவனிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நமக்கு இன்னொன்றும் உறைக்கிறது. அந்த ஊர் விளக்குகள் நீலமாக எரிவது நிலத்தடிக் குகைகளிலிருந்து வரும் எரிவாயுவால். அதாவது, அவர்கள் குழி வெட்டிக்கொண்டிருப்பது அந்த வாயுவின் தலைமேல்.